செலவழிக்க முடியாத காசுகளின் விலை

2011ஆம் ஆண்டு நியுவே என்ற தீவு நாட்டின் பெயரில் வெள்ளி நாணயத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. ஒரு பக்கம் இரண்டாம் எலிசபெத் அரசியின் உருவம், மறுபக்கம் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படப் பாத்திரங்கள், காசில் பொறித்த மதிப்பான முகமதிப்பு இரண்டு டாலர். பசிபிக் பெருங்கடலில் கிடக்கும் நியுவேயின் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. அங்கே கடைகளில் புழங்குவது நியூசிலாந்து டாலர். காசை அடித்து விற்றது நியூசிலாந்தில் உள்ள ஒரு தனியார் நிறுவனம். அதற்கான சந்தையோ தீவுக்கு வெகு தொலைவில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தது. தன் பெயரையும் சட்ட அதிகாரத்தையும் கடனாகக் கொடுத்ததற்கு நியுவே அரசுக்கு உரிமத் தொகை கிடைக்கும். அந்தத் தீவில் ஒரு ரொட்டி வாங்கக்கூட யாரும் இந்தக் காசை நீட்டியிருக்க மாட்டார்கள் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது பணமே.

இப்படிப்பட்ட நாணயங்களைப் புழக்கத்துக்கு வராத சட்டபூர்வ நாணயங்கள் என்று வகைப்படுத்துகிறார்கள். சேகரிப்பாளர்களிடையே 'என்சிஎல்டி' என்ற ஆங்கிலச் சுருக்கமே வழக்கில் உள்ளது. செலவழிக்கப்படுவதற்காக அல்லாமல் விற்கப்படுவதற்காகவே இவை அடிக்கப்படுகின்றன. வங்கி வழியாக மக்கள் கைக்குப் போகாமல், நாணயச்சாலையின் விற்பனைப் பிரிவிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டு, பெட்டியோடும் சான்றிதழோடும் வாங்குபவரின் வீட்டுக்குப் போகின்றன. இவற்றை வாங்கி வைத்தால் நாளைக்கு விலை ஏறுமா என்ற கேள்வி ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் எழுகிறது. ஏறியவையும் உண்டு, வாங்கிய விலையில் பாதிக்குக்கூடப் போகாதவையும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலானதல்ல. காரணங்களைப் பெரும்பாலும் பிரித்துக் காட்ட முடியும்.

பழைய நாணயம் அரிதாவது இழப்பால். லட்சக்கணக்கில் அடிக்கப்பட்ட காசு கைமாறிக் கைமாறித் தேய்கிறது, மண்ணில் புதைகிறது, உருக்கு உலைக்குப் போகிறது. நூறு ஆண்டுகள் கழித்து நல்ல நிலையில் எஞ்சுவது சில நூறாக இருக்கலாம். அந்த இழப்பை யாரும் திட்டமிட்டதில்லை, எவ்வளவு எஞ்சியது என்பதும் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. புழக்கத்துக்கு வராத நாணயம் இதற்கு நேரெதிர். அது பிறக்கும்போதே அரிதென்று அறிவிக்கப்படுகிறது: உச்சவரம்பு 5,000, உச்சவரம்பு 1,000 என்று சான்றிதழிலேயே அச்சாகிவிடுகிறது. வாங்கியவர் எவரும் அதைச் செலவழிக்கப் போவதில்லை என்பதால், அடித்த 5,000 காசும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ அதே பளபளப்புடன் இருக்கும். ஆகவே எத்தனை காசுகள் உள்ளன என்பது பாதிக் கணக்குதான். அவற்றைத் தேடி வரப்போகிறவர்கள் எத்தனை பேர் என்பதே மீதிக் கணக்கு, அதைச் சான்றிதழில் யாரும் அச்சிடுவதில்லை.

இந்த வகைக்குத் தொடக்கம் என்று ஒரே ஆண்டைச் சுட்டுவது கடினம். 1967இல் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட க்ரூகராண்ட், தங்கத்தை நாணய வடிவில் உலகெங்கும் விற்கலாம் என்று காட்டியது. ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தூய தங்கம் அதில் இருக்கும். முகமதிப்பு எதுவும் பொறிக்கப்படவில்லை. அதைப் பின்பற்றி கனடாவின் மேப்பிள் லீஃப் 1979இலும், சீனாவின் பாண்டா 1982இலும், அமெரிக்காவின் ஈகிள் 1986இலும், பிரிட்டனின் பிரிட்டானியா 1987இலும் வந்தன. இவை முதலீட்டு நாணயங்கள். அன்றைய உலோக விலையோடு சிறிதளவு சேர்த்து விற்கப்படுபவை.

மற்றொரு கிளை 1964இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனத்திலிருந்து கிளைத்தது. நினைவுப் பதக்கங்களைச் சந்தா முறையில் வீடுகளுக்கு விற்றுவந்த அந்த நிறுவனம், 1970களில் பனாமா, பஹாமாஸ், ஜமைக்கா, பார்படோஸ் போன்ற நாடுகளுக்கு நாணயம் அடித்துக் கொடுத்தது. நாட்டுக்குத் தேவையான சில்லறையோடு, சேகரிப்பாளர்களுக்கென்றே பெரிய வெள்ளி நாணயங்களும், கண்ணாடிபோல் மெருகேற்றி அடித்த 'புரூஃப்' காசுகளின் தொகுப்புகளும் வந்தன. பனாமாவின் 20 பல்போவா நாணயம் அவற்றுள் புகழ்பெற்றது: குறுக்களவு 61 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 129.6 கிராம், வெள்ளி 92.5 சதவீதம். உள்ளங்கையில் வைத்தால் கை தாழும்.

அந்த ஒரே நாணயத்தை வைத்து விலைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதில் உள்ள தூய வெள்ளி ஏறத்தாழ 120 கிராம், அதாவது 3.85 அவுன்ஸ். 1971இல் வெள்ளி அவுன்ஸ் ஒன்றரை டாலரைச் சுற்றி இருந்ததால், உலோக மதிப்பு ஆறு டாலர்தான். பல்போவா அமெரிக்க டாலருக்குச் சமமானது என்பதால் முகமதிப்பு 20 டாலர். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலர் வரை ஏறியபோது, அதே காசில் 190 டாலர் மதிப்புள்ள வெள்ளி இருந்தது. பெட்டியும் சான்றிதழும் கலை அழகும் அந்த வாரங்களில் யாருக்கும் பொருட்டாகவில்லை. இந்த வகைப் பெரிய வெள்ளிக் காசுகள் ஏராளமாக உலைக்குப் போயின. எத்தனை அடிக்கப்பட்டன என்பதற்கும் இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்பதற்கும் இடையே, புழக்கத்துக்கு வராத நாணயங்களிலும் இடைவெளி விழ முடியும் என்பதற்கு இது ஒரு சான்று. அந்த இடைவெளியை உண்டாக்குவது தேய்மானமல்ல, உலோக விலை.

ஆகவே இத்தகைய காசு ஒன்றுக்கு மூன்று மதிப்புகள் இருப்பதாகக் கொள்ளலாம்: உலோக மதிப்பு, முகமதிப்பு, சேகரிப்பு மதிப்பு. விலை எவ்வளவு இறங்கினாலும் உலோக மதிப்புக்கு வெகு கீழே போகாது, அதுவே காசின் தரை. முகமதிப்பும் கோட்பாட்டளவில் ஒரு தரைதான். நடைமுறையில் அது உறுதியாக நிற்பது சில நாடுகளில் மட்டுமே.

ஜெர்மனியில் அது உறுதியாக இருந்தது. 2002 முதல் அந்நாடு வெளியிட்ட 10 யூரோ வெள்ளி நாணயங்கள் 18 கிராம் எடையில், 92.5 சதவீத வெள்ளியில், 10 யூரோவுக்கே வங்கிகளில் விற்கப்பட்டன. வெள்ளி இறங்கினால் கடையில் கொடுத்துச் செலவழிக்கலாம், ஏறினால் உலோகமாக விற்கலாம். வாங்குபவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இந்தத் துறையில் மிகக் குறைவு. வெள்ளி விலை ஏறியதும் அரசுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2011 முதல் முகமதிப்புக்கு விற்கும் 10 யூரோ காசு செம்பு-நிக்கலுக்கு மாறியது, வெள்ளியை 62.5 சதவீதமாகக் குறைத்த புரூஃப் காசு கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது.

பிரிட்டனில் அந்தத் தரை ஆட்டம் கண்டது. அந்நாட்டு அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் 2013 முதல் 20 பவுண்டு முகமதிப்புள்ள வெள்ளிக் காசை 20 பவுண்டுக்கே விற்கத் தொடங்கியது. பின்னர் இரண்டு அவுன்ஸ் வெள்ளியில் 100 பவுண்டு நாணயமும் வந்தது. அன்றைய விலையில் அதற்குள் இருந்த வெள்ளி 20, 25 பவுண்டு பெறும். மீதி 75 பவுண்டுக்கு அரசின் சொல்தான் பிணை. சிலர் அதைக் கடன் அட்டையில் வாங்கிப் பயணப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, காசைக் கொண்டுபோய் வங்கியில் கட்டினர். 2016 வாக்கில், இத்தகைய நினைவு நாணயங்கள் சட்டபூர்வமானவையே எனினும் புழக்கத்துக்கானவை அல்ல என்றும், அவற்றை ஏற்க வேண்டிய கட்டாயம் வங்கிகளுக்கோ கடைகளுக்கோ இல்லை என்றும் தெளிவாக்கப்பட்டது. சட்டபூர்வ நாணயம் என்ற சொல்லுக்கு அங்கே மிகக் குறுகிய பொருள்தான் உண்டு: கடனைத் தீர்க்க நீதிமன்றத்தில் அதைக் கட்டினால், கடனைக் கட்டவில்லை என்று வழக்குத் தொடுக்க முடியாது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

முகமதிப்பை உலோக மதிப்பைவிட மிக உயர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் ஒரு பாடம் கற்றது. 1986இல் ஹிரோஹித்தோ பேரரசர் அரியணையேறிய அறுபதாம் ஆண்டையொட்டி 20 கிராம் தூய தங்கத்தில் ஒரு லட்சம் யென் நாணயம் ஒரு கோடி எண்ணிக்கையில் வெளியிடப்பட்டது. அதில் இருந்த தங்கத்தின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 40,000 யென். எஞ்சிய 60,000 யென் கருவூலத்துக்கு வரவு. அந்த வரவை வேறு சிலரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1990இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பித்தளையில் அல்ல, தங்கத்திலேயே அடிக்கப்பட்ட போலிகள். கள்ள நாணயத்தில் தங்கம் குறையாமல் இருந்தது என்பது நாணய வரலாற்றில் அடிக்கடி கேட்கும் செய்தியல்ல. 2020களில் தங்கம் ஏறியதில் இந்தக் காசின் உலோக மதிப்பு அந்த ஒரு லட்சம் யென்னை வெகுவாகத் தாண்டிவிட்டது. எனினும் ஒரு கோடி காசு இருக்கும் இடத்தில் சேகரிப்பு மதிப்பு என்று சொல்ல அதிகம் எதுவும் மிஞ்சவில்லை.

யாரும் செலவழிக்காத பொருளுக்கு முகமதிப்பு எதற்கு என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி வரிச் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தங்க நாணயம் முதலீட்டுத் தங்கமாகக் கருதப்பட்டு மதிப்புக் கூட்டு வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், அது 1800க்குப் பிறகு அடிக்கப்பட்டிருக்க வேண்டும், தூய்மை ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துக்குக் குறையக் கூடாது, தோன்றிய நாட்டில் சட்டபூர்வ நாணயமாக இருக்கவோ இருந்திருக்கவோ வேண்டும், அதன் வழக்கமான விற்பனை விலை தங்க மதிப்பைவிட 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பிரிட்டனில் பிரிட்டானியாவும் சவரன் என்ற தங்கக் காசும் நாட்டின் சட்டபூர்வ நாணயங்கள் என்பதால் மூலதன ஆதாய வரிக்கு உட்படுவதில்லை. அதே எடைத் தங்கக் கட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளிக்கு இத்தகைய வரிவிலக்கு பொதுவாக இல்லை. ஆகவே ஐரோப்பாவில் புதிய வெள்ளிக் காசை வாங்குபவர் முதல் நாளே வரியளவு பின்தங்கித்தான் தொடங்குகிறார்.

இனி சேகரிப்பு மதிப்புக்கு வருவோம். உலகெங்கும் உள்ள நாணயச்சாலைகளின் விளம்பரங்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வது குறைந்த எண்ணிக்கை என்பதைத்தான். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட பொருள்கள் அடங்கியுள்ளன என்பதை விளம்பரம் சொல்லாது. ஒன்று, நாணயச்சாலை முன்கூட்டியே விதித்த வரம்பு. மற்றொன்று, வரம்பு பெரிதாக இருந்தும் வாங்க ஆளில்லாமல் விற்பனை நின்றுபோனதால் நேர்ந்த குறைவு. பின்னாளில் பெரும் விலைக்குப் போன நாணயங்களில் கணிசமானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அமெரிக்க நினைவு நாணயங்களின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நெடுநாள் நின்றிருந்த அந்தத் திட்டம், 1982இல் ஜார்ஜ் வாஷிங்டனின் 250ஆம் பிறந்த ஆண்டையொட்டிய வெள்ளி அரை டாலருடன் மீண்டும் தொடங்கியது. நாடே ஆவலாக இருந்தது. புரூஃப் வகையும் சாதா வகையும் சேர்த்து ஏறத்தாழ 71 லட்சம் காசுகள் விற்றன. அதனாலேயே இன்றும் அது வெள்ளி விலையை ஒட்டியே விற்கிறது. எல்லோரும் விரும்பி வாங்கியதை எல்லோருமே வைத்திருக்கிறார்கள், புதிதாகத் தேட ஆளில்லை.

1990களின் நடுவில் நிலைமை தலைகீழானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை முன்னிட்டு 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் 16 வடிவமைப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு வகை என 32 நாணயங்கள் வெளிவந்தன. முழுத் தொகுப்பையும் வாங்க நினைத்த சேகரிப்பாளர்கள் களைத்துப்போனார்கள். பலர் வாங்குவதையே நிறுத்தினார்கள். ஆண்டுக்கு இரண்டு நினைவுத் திட்டங்களுக்கு மேல் கூடாது என்ற சீர்திருத்தச் சட்டம் 1996இல் நிறைவேறி 1999 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில், 1997இல், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நினைவாக ஐந்து டாலர் தங்க நாணயம் வந்தது. சட்டம் அனுமதித்த உச்சவரம்பு ஒரு லட்சம். புரூஃப் வகை ஏறத்தாழ 24,000 விற்றது, சாதா வகை ஏறத்தாழ 5,200 மட்டுமே. விற்பனைக் காலம் முழுவதும் அதே விலையில் யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. சில ஆண்டுகளில், நவீன நினைவுத் தங்க நாணயங்களின் வரிசையை நிறைவு செய்ய முயன்ற ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு காசு இடித்தது. விலை பல ஆயிரம் டாலருக்குப் போனது.

1995ஆம் ஆண்டின், வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையைக் குறிக்கும் 'டபிள்யூ' முத்திரையுள்ள புரூஃப் வெள்ளி ஈகிளின் கதையும் இதே போன்றது. ஈகிள் திட்டத்தின் பத்தாம் ஆண்டையொட்டி, நான்கு தங்க புரூஃப் நாணயங்கள் அடங்கிய 999 டாலர் தொகுப்பை வாங்கியவர்களுக்கு மட்டும் அந்த வெள்ளிக் காசு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு வெள்ளி ஈகிள் வாங்கிவந்த சாமானியச் சேகரிப்பாளர்கள், ஒரு டாலர் முகமதிப்புள்ள காசுக்காக ஆயிரம் டாலர் தங்கம் வாங்க வேண்டுமா என்று முகம் சுளித்தார்கள். வெளிவந்தது 30,125 மட்டுமே. லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் தவறாமல் சேர்க்கும் ஒரு வரிசையில் ஒரே ஓர் ஆண்டுக்கு முப்பதாயிரம் காசுதான் உண்டு என்றால், எஞ்சியவர்கள் எல்லோரும் தங்கள் சேகரிப்புப் பலகையில் அந்தக் காசுக்கான வெற்றுக் குழியைப் பார்த்தபடி இருக்க வேண்டியதுதான். இன்றும் நவீன வெள்ளி ஈகிள் வரிசையின் முதன்மைக் காசு அதுவே.

முப்பதாயிரம் என்பது குறைந்த எண்ணிக்கையே அல்ல. ஏதோ ஒரு தீவின் பெயரில் 500 மட்டுமே அடிக்கப்பட்ட வண்ணக் காசு, வெளியீட்டு விலையில் பாதிக்குக்கூட வாங்க ஆளில்லாமல் கிடக்கும். 30,125 உள்ள ஈகிளோ ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். முன்னதைத் தேடுவோர் ஐம்பது பேர் என்றால் 500 என்பது மிகையான எண்ணிக்கை. என் பார்வையில் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விகிதம் போதும்: பலர் நிறைவு செய்ய முயலும் வரிசைக்குள் விழுந்த குறைவுக்கே விலை உண்டு. வரிசை இல்லாத இடத்தில் உச்சவரம்பு என்பது வெறும் விற்பனைச் சொல்.

ஐரோப்பாவிலிருந்து இதற்கு ஒரு சான்று மொனாக்கோ. நடிகையும் அந்நாட்டு இளவரசியுமான கிரேஸ் கெல்லி மறைந்த 25ஆம் ஆண்டில், 2007இல், வெளியான இரண்டு யூரோ நினைவு நாணயத்தின் எண்ணிக்கை 20,001. பெயரளவில் அது புழக்க நாணய வகை. நடைமுறையில் பெட்டியிலிட்டு விற்கப்பட்ட சேகரிப்புக் காசு. இரண்டு யூரோ நினைவு நாணயங்களைச் சேர்ப்போர் ஐரோப்பா முழுவதும் பரந்திருக்கிறார்கள், பெரும்பாலானவற்றை முகமதிப்பை ஒட்டிய விலையிலேயே சேர்த்துவிடவும் முடியும். அந்தப் பெருங்கூட்டம் முழுவதும் இந்த ஒரே கதவின் முன் வந்து நிற்பதால், வெள்ளியோ தங்கமோ துளியும் இல்லாத அந்தக் காசு ஆயிரம் யூரோவையும் தாண்டி விற்கிறது.

இந்தப் பாடத்தை நாணயச்சாலைகளும் கற்றுக்கொண்டன. 2019 நவம்பரில் அமெரிக்க நாணயச்சாலை 30,000 என்ற வரம்புடன், 1995ஆம் ஆண்டின் எண்ணிக்கைக்கும் கீழே, ஒரு சிறப்பு வெள்ளி ஈகிளை 65.95 டாலருக்கு அறிவித்தது. சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது. அன்றைய தினமே கைமாற்று விலை பல மடங்கானது. 1995இல் தானாக நேர்ந்ததை 2019இல் வேண்டுமென்றே செய்தார்கள், அதுவும் பலித்தது, ஏனெனில் வரிசை அதே வரிசை. 2014இல் வேறொன்று நடந்தது. கென்னடி அரை டாலரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி முக்கால் அவுன்ஸ் தங்கத்தில் வந்த நாணயத்துக்கு 1,240 டாலர் விலை வைத்தார்கள், எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை. முதல் நாட்களில் வாங்க நெடிய வரிசைகள். வரிசையில் நிற்க வியாபாரிகள் கூலிக்கு ஆள் வைத்தார்கள். கேட்கும் அளவுக்கு அடித்துக் கொடுப்போம் என்று நாணயச்சாலை சொன்னது தொடக்கம் முதலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பரபரப்பு அடங்கியதும் அது தங்க விலையோடு தங்கிவிட்டது.

உயர்ந்த கலைத்தரமோ தொழில்நுட்பப் புதுமையோ தனியாக மதிப்பைத் தருமா என்றால், சில வேளைகளில் தரும். ஆஸ்திரியா 2003இல் வெள்ளி வளையத்துக்குள் வண்ணமேற்றிய நியோபியம் உலோகத்தைப் பதித்து 25 யூரோ நாணயம் வெளியிட்டது. நியோபியத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலத்தின் தடிப்பை மாற்றுவதன் மூலம் அதில் நீலம், பச்சை, ஊதா என நிறங்களைக் கொண்டுவர முடியும். மேலே பூசிய வண்ணம்போல் அது உரியாது. ஆண்டுக்கு ஒன்றாக அந்த வரிசை தொடர்ந்தது, பின்னால் சேர்ந்தவர்கள் முதல் காசைத் தேடினார்கள், அதன் விலை ஏறியது. ராயல் மின்ட் 2019இல் வெளியிட்ட 'உனாவும் சிங்கமும்' நாணயம், வில்லியம் வயன் 1839இல் செதுக்கிய ஐந்து பவுண்டு தங்கக் காசின் வடிவத்தை மீட்டெடுத்தது. மூலக் காசைக் கனவில் மட்டுமே காணக்கூடியவர்கள் புதியதைப் பிடித்துக்கொண்டார்கள். 3,000 மட்டுமே அடிக்கப்பட்ட இரண்டு அவுன்ஸ் வெள்ளி வகை வெளியீட்டு விலையைப் போலப் பல மடங்குக்குப் போனது. மங்கோலியாவின் 2011ஆம் ஆண்டு யூரல் ஆந்தை நாணயம், படிகக் கண்கள் பதித்தது, 2,500 மட்டுமே அடிக்கப்பட்டது, ஆண்டின் சிறந்த நாணயம் என்ற விருதையும் பெற்றது. அதைத் தேடுவோர் இன்றும் உண்டு.

இதே மங்கோலியா 2007இல், பொத்தானை அழுத்தினால் கென்னடியின் பேச்சு ஒலிக்கும் காசு ஒன்றையும் வெளியிட்டது. சோமாலியாவின் பெயரில் 2004இல் கிட்டார் வடிவக் காசுகள் வந்தன. பலாவு 2007இல் லூர்து நகரின் புனித நீரைக் காசுக்குள் அடைத்தது. பெனின் 2010இல் கஞ்சா வாசனை வீசும் காசை வெளியிட்டது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. விந்தைக்காக வாங்கியவருக்கு விந்தை கிடைத்தது; பேசும் காசுக்குள் உள்ள பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வேறு கேள்வி.

நிலை, தரம் என்று வரும்போது இந்தத் துறை பழைய நாணயவியலிலிருந்து முற்றிலும் விலகுகிறது. புரூஃப் நாணயத்தைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் அதன் தயாரிப்பு விளங்கும். மெருகேற்றிய வில்லையை, மெருகேற்றிய அச்சுகளுக்கிடையே வைத்து ஒருமுறைக்கு மேல் அடிக்கிறார்கள். அச்சில் உருவம் உள்ள பகுதி மட்டும் பனிபோல் சொரசொரப்பாக்கப்பட்டிருக்கும். ஒரு கோணத்தில் பின்புலம் கறுத்து உருவம் வெளுத்துத் தெரியும். சற்றே திருப்பினால் பின்புலம் கண்ணாடியாகி விளக்கையே காட்டும். அந்தக் கண்ணாடியில் பெருவிரல் ஒருமுறை பட்டுவிட்டால், ரேகை சில மாதங்களில் வெள்ளிக்குள் இறங்கிப் பழுப்பாக நிலைத்துவிடும், துடைத்தால் மெருகும் போகும். யாரும் தொடாத வெள்ளிக் காசுகளில்கூடப் பால் தெளித்ததுபோல வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. கனடாவின் வெள்ளி மேப்பிள் லீஃப் இதற்குப் பெயர்போனது. அதைத் தடுக்கும் முறையை 2018இல் அந்நாட்டு நாணயச்சாலை அறிமுகப்படுத்தியது.

1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என இரு தரப்படுத்தும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. ஒன்று முதல் எழுபது வரையிலான ஷெல்டன் அளவுகோலில் காசுக்கு மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் சட்டத்துக்குள் அடைத்துக் கொடுக்கிறார்கள். நூறாண்டுப் பழமையான காசுக்கு 40க்கும் 60க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். புதுக் காசுகள் பெரும்பாலும் 69 அல்லது 70தான். அந்த ஒற்றை எண் வேறுபாட்டை உருப்பெருக்கி இல்லாமல் பார்க்க முடியாது, உருப்பெருக்கி இருந்தாலும் பலர் முரண்படுவார்கள். 2013இல், 70 பெற்ற 1995 'டபிள்யூ' ஈகிள் ஒன்று ஏலத்தில் 86,000 டாலரைத் தாண்டி விற்றது. 69 பெற்ற அதே காசு சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்தது. அந்த விலையைப் பார்த்தவர்கள் தங்கள் காசுகளை மீண்டும் மீண்டும் தரப்படுத்த அனுப்பினார்கள். 70 பெற்றவற்றின் எண்ணிக்கை பெருகியது, விலை வெகுவாக இறங்கியது. காசின் எண்ணிக்கை உறுதியானது என்றாலும் மதிப்பெண் பெற்றவற்றின் எண்ணிக்கைக்கு அந்த உறுதி கிடையாது. வெளியான முதல் முப்பது நாட்களுக்குள் வந்துசேர்ந்தது என்பதற்காக ஒட்டப்படும் சிறப்புச் சீட்டுகளும் இதில் சேரும்: அவை காசைப் பற்றி எதையும் சொல்வதில்லை, அஞ்சலைப் பற்றித்தான் சொல்கின்றன.

விற்கும் நாள் வரும்போதுதான் பல கணக்குகள் நேராகின்றன. வாங்கும்போது கொடுத்த விலையில் உலோகம், வடிவமைப்பாளர், திரைப்பட நிறுவனத்துக்கான உரிமம், தேக்குப் பெட்டி, வரி, இடைத்தரகர் என எல்லாம் அடங்கியிருக்கும். வாங்க முன்வரும் வியாபாரி முதலில் பெட்டியை ஓரமாக வைப்பார், காசை உறையோடு திருப்பிப் பார்ப்பார், எடையையும் தூய்மையையும் படித்து அன்றைய உலோக விலையால் பெருக்குவார். பிறகுதான், தன்னிடம் இதைக் கேட்டு வரும் வாடிக்கையாளர் யாராவது உண்டா என்று யோசிப்பார். சீனப் பாண்டாவுக்கு உண்டு. ஆண்டுதோறும் வடிவம் மாறுவதே அந்த வரிசையின் உயிர். 2001ஆம் ஆண்டின் வடிவத்தையே 2002க்கும் வைத்தபோது சேகரிப்பாளர்கள் எதிர்த்தார்கள், மறு ஆண்டே மாற்றம் திரும்பியது. ஒரே ஆண்டில் ஒரே வடிவத்தை ஒரு அவுன்ஸ், ஐந்து அவுன்ஸ், ஒரு கிலோ, வண்ணமேற்றியது, தங்கப்பூச்சு, பழமைத் தோற்றம் என்று பத்து வகையாக வெளியிடும் நிறுவனத்தின் காசுக்கு அப்படி ஒருவரை நினைவுக்குக் கொண்டுவருவது அவருக்குச் சிரமம். வகைக்கு 500 என்று போட்டிருந்தாலும் வடிவத்துக்கு 5,000 அல்லவா?

ஏறிய விலையும் நிலையானதல்ல. 1997ஆம் ஆண்டின் அந்த ஜாக்கி ராபின்சன் காசில் கால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான தங்கம் உள்ளது. அது பல ஆயிரம் டாலருக்கு விற்ற 2000களின் நடுவில் தங்கம் அவுன்ஸ் 400, 500 டாலர்தான். அதற்குப் பிறகு தங்கம் பல மடங்கு ஏறியது, அந்தக் காசின் விலையோ இறங்கியது. நினைவுத் தங்க நாணயங்களின் வரிசை ஆண்டுக்கு ஆண்டு நீண்டது, ஒவ்வொன்றும் விலை கூடியது, முழு வரிசையையும் நிறைவு செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் குறைந்துபோனார்கள். அடிக்கப்பட்ட எண்ணிக்கை அன்றும் 5,200தான், இன்றும் 5,200தான்.